எதிர்க்கட்சி எம்.பி. கேட்கும் ஒரு கேள்விக்கு அமைச்சர் ஏன் அவ்வளவு தயாராகிறார்?

"அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறது. எதிர்க்கட்சி எம்.பி. என்ன கத்தினாலும் கடைசியில் ஓட்டெடுப்பில் தோற்கத்தான் போகிறார். அப்புறம் கேள்வி நேரம் என்று ஒன்று எதற்கு? தனி ஓர் உறுப்பினரால் அமைச்சரை உண்மையிலேயே பதில் சொல்ல வைக்க முடியுமா?" என்பது கேள்வி.

முடியும். நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை செல்லுபடியாகாத ஒரு மணி நேரம் உண்டென்றால் அது கேள்வி நேரம்தான். மசோதாவைத் தோற்கடிக்கப் பெரும்பான்மை வேண்டும். மக்களவையில் வழக்கமான அலுவலை நிறுத்தி ஓர் அவசரப் பிரச்சினையை விவாதிக்கும் ஒத்திவைப்புத் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட வேண்டுமென்றால்கூட 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். கேள்விக்கு ஒருவர் போதும். அவர் எந்தக் கட்சி, அந்தக் கட்சிக்கு அவையில் எத்தனை பேர் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று அரசியலமைப்பின் 75-வது பிரிவு சொல்கிறது. அந்த வரிக்கு அன்றாட உயிர் கொடுப்பது இந்த ஒரு மணி நேரம்.

ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் கேள்விகளை எழுதித் தரும் வேலை பார்த்தவன் நான். அதனால் விதிப்புத்தகத்தில் இருப்பதோடு, உள்ளே எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நடைமுறை. மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து அதை நண்பகல் 12 மணிக்கு மாற்றிவிட்டார்கள். அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்து, வாரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகுதி என்று ஒதுக்கியிருப்பார்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்விகள் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாவது வகை 230. எந்தக் கேள்வி பட்டியலில் முதலில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. குலுக்கலுக்குக் கட்சி தெரியாது. முதல்முறை ஜெயித்து வந்த எம்.பி.யின் கேள்வி முதலிடத்தில் விழும்; மூத்த தலைவரின் கேள்வி பட்டியலுக்குள்ளேயே வராமல் போகும்.

இந்த உரிமை சுதந்திரத்தோடு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பழையது. 1892-ம் ஆண்டு இந்தியக் கவுன்சில் சட்டம்தான் கேள்வி கேட்க அனுமதித்தது. 1893 பிப்ரவரியில் ஆங்கிலேயர் காலச் சட்டக் கவுன்சிலில் பிங்கா மன்னர் கேட்ட முதல் கேள்வி, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குப் பொருட்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்ற வழக்கத்தால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் பாட்டைப் பற்றியது. ஆனால் அப்போது துணைக் கேள்வி கிடையாது. அரசு சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கேள்வி கேட்டவருக்குத் துணைக் கேள்வி உரிமை 1909-ல் வந்தது. மற்ற உறுப்பினர்களும் அதன் மேல் கேட்கலாம் என்பது 1919-ல் வந்தது. பல் முளைத்தது அப்போதுதான் என்று சொல்வேன். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு கேள்வியை எழுதுவதுதான் இதில் கடினமான வேலை. குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அதாவது நேற்று நடந்த கொதிப்பான விஷயத்தை நாளைக்குக் கேட்க முடியாது. அவசரம் என்றால் குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்கு அமைச்சர் சம்மதிக்க வேண்டும். வார்த்தைகளுக்கும் வரம்பு இருக்கிறது: சாதாரணமாக 150-க்கு மேல் போகக்கூடாது. கேள்விக்குள் வாதம் இருக்கக்கூடாது, ஊகம் இருக்கக்கூடாது, குற்றச்சாட்டு, கிண்டல், அடைமொழி எதுவும் கூடாது. கருத்துக் கேட்கக்கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைக் கேட்கக்கூடாது. ஏற்கெனவே வெளியான ஆவணத்தில் கிடைக்கும் தகவலைக் கேட்கக்கூடாது. மாநில அரசின் பொறுப்பில் உள்ளதை மத்திய அமைச்சரிடம் கேட்கக்கூடாது. இந்த விதிகளில் ஏதாவது ஒன்றில் இடித்தாலும் கேள்வி தள்ளுபடி ஆகிவிடும்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். பயிர்க் காப்பீட்டுத் தொகை வரவில்லை என்று விவசாயிகள் எம்.பி.யிடம் மனு கொடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர் இப்படித்தான் எழுதுவார்: "விவசாயிகள் கண்ணீர் விடும்போது காப்பீட்டு நிறுவனங்களுக்குத் துணைபோகும் அரசு, இழப்பீட்டை எப்போது வழங்கும்?" மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். கேள்விகளைச் சரிபார்க்கும் அவைச் செயலகத்தின் கேள்விப் பிரிவில் முதல் வாசிப்பிலேயே போய்விடும். தப்பிப் பிழைத்து உள்ளே வந்தாலும் "விரைந்து வழங்க அரசு உரிய நடவடிக்கை எடுத்து வருகிறது" என்ற ஒரு வரிதான் பதிலாக வரும். அந்தப் பதிலில் பிழை சொல்லவும் முடியாது, ஏனென்றால் கேட்டதே அவ்வளவுதான்.

அதே மனுவை வைத்துக்கொண்டு திட்டத்தின் விதிகளைப் படிக்க வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியது. இழப்பீடு கொடுக்கக் காலம் தாழ்த்தினால் காப்பீட்டு நிறுவனம் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று 2018-ல் திருத்திய வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் கேள்வி இப்படி அமையும்: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் மாநில வாரியாக, பருவ வாரியாக, கணக்கிடப்பட்ட இழப்பீடு எவ்வளவு, வழங்கப்பட்டது எவ்வளவு, (ஆ) கெடு தேதிக்குப் பிறகு வழங்கப்பட்ட தொகை எவ்வளவு, (இ) அந்தத் தாமதத்துக்காக நிறுவனங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்த வட்டி, நிறுவன வாரியாக எவ்வளவு, (ஈ) வட்டி வழங்கப்படவில்லை என்றால் அதற்கான காரணங்கள் என்ன?

இதில் குற்றச்சாட்டு ஒரு சொல்கூட இல்லை. ஆனால் (ஆ)-வும் (இ)-யும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது அமைச்சகத்துக்கு நெளிய இடம் கிடையாது. தாமதம் உண்டு, வட்டி இல்லை என்று பதில் வந்தால் அரசின் விதியை அரசே செயல்படுத்தவில்லை என்று அதன் வாயாலேயே வந்துவிடுகிறது. தாமதமே இல்லை என்று வந்தால், தேதி போட்ட வங்கிப் புத்தக நகல்கள் எம்.பி.யின் கையில் இருக்கின்றன. கணக்கே வைத்திருக்கவில்லை என்று வந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

நல்ல கேள்விக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்வார். கேட்பவருக்குப் பாதிப் பதிலாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும். என்ன பதில் வந்தாலும் அடுத்த படிக்கு அது உதவ வேண்டும். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேலை. நாடாளுமன்றத்தில் கேட்பது, தெரிந்ததை அமைச்சரின் பெயரில் பதிவேட்டில் ஏற்றுவதற்காக.

சரி, பதில் எப்படி வரும்? அமைச்சகங்களில் பதில் எழுதுவது ஒரு தனிக் கலை. நான்கு உட்பிரிவாகக் கேட்டதற்கு "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே தலைப்புப் போட்டு, இரண்டு பத்தி திட்ட விளக்கம் எழுதிவிடுவார்கள். எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை என்பது அந்தக் குவியலில் மறைந்துவிடும். நான் பதில் கைக்கு வந்ததும் முதலில் செய்வது, கேள்வியின் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எதிரே பதிலில் எந்த வாக்கியம் பொருந்துகிறது என்று பென்சிலால் குறிப்பது. எதிரே எதுவும் விழாத உட்பிரிவுதான் அமைச்சகத்துக்கு வலிக்கும் இடம்.

சில பதில்களை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் கே.சி. வேணுகோபால், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நோயாளிகள் இறந்தது பற்றிக் கேட்டார். பொது சுகாதாரம் மாநிலப் பொறுப்பு, மரணங்களை மாநிலங்கள்தான் தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை என்று எழுத்துமூலம் பதில் வந்தது. "யாரும் இறக்கவில்லை" என்று அதில் எங்கும் இல்லை. "குறிப்பாகத் தெரிவிக்கவில்லை" என்றுதான் இருக்கிறது. மருத்துவமனை வாசல்களில் சிலிண்டருக்காக ஓடிய குடும்பங்களை நாடே பார்த்திருந்தது. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் அரசு நின்றுகொண்டதைப் படித்தபோது ஏற்பட்ட கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கேள்வி வீணாகவில்லை. அந்தப் பதில் வந்த பிறகுதான், மாநிலங்கள் எந்தப் படிவத்தில் மரணத்தைப் பதிகின்றன, அதில் இந்தக் காரணத்துக்கு இடம் உண்டா, மத்திய அரசு தனியாகக் கேட்டு வாங்கியதா என்றெல்லாம் விவாதம் திரும்பியது.

அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு எதுவும் இல்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. கணக்கெடுக்கவில்லை, அந்தக் காரணத்தாலேயே இழப்பீடும் இல்லை. ஓர் எழுத்துமூலப் பதில் இவ்வளவு அப்பட்டமாக ஓர் அரசின் மனநிலையைக் காட்ட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இப்போது துணைக் கேள்விக்கு வருவோம். நட்சத்திரக் கேள்வியின் எழுத்துப் பதில் அவை கூடுவதற்கு முன்பே உறுப்பினருக்குக் கிடைத்துவிடும். அவைத்தலைவர் எண்ணைச் சொல்லி அழைத்ததும், அமைச்சர் எழுந்து "அறிக்கை அவையின் மேஜையில் வைக்கப்பட்டுள்ளது" என்பார். அந்த நொடியிலிருந்துதான் உண்மையான பரீட்சை. கேள்விக்கு உரியவர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அதன் பிறகு அவைத்தலைவர் அழைக்கும் மற்றவர்கள் கேட்கலாம். இவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது. அமைச்சரின் கையில் தடித்த கோப்பு இருக்கும். என்னென்ன துணைக் கேள்விகள் வரலாம் என்று ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, வண்ணத் துண்டுத்தாள் ஒட்டி அதிகாரிகள் தயாரித்த கோப்பு. அந்த அதிகாரிகள் தங்களுக்கான மாடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அமைச்சர் தடுமாறினால் அங்கிருந்து சீட்டு வரும். துறையை உண்மையில் தெரிந்து வைத்திருக்கும் அமைச்சர் கோப்பைத் திறக்கவே மாட்டார். அதிகாரி எழுதிக் கொடுத்ததை வாசிப்பவர், பக்கங்களைப் புரட்டும்போதே அவைக்குத் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் செய்யும் பெரிய தவறு, கேள்வி கேட்கக் கிடைத்த வாய்ப்பில் சொற்பொழிவு ஆற்றுவது. இரண்டு நிமிடம் பேசி, நடுவில் ஐந்து விஷயங்களைத் தொட்டு, கடைசியில் "இதற்கு அமைச்சர் என்ன சொல்கிறார்?" என்று முடிப்பார்கள். அமைச்சருக்கு இதைவிட வசதி வேறு இல்லை. ஐந்தில் எளிதான ஒன்றை எடுத்துக்கொண்டு, அவரும் இரண்டு நிமிடம் அரசின் சாதனைகளைச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். ஆம், இல்லை, அல்லது ஓர் எண் என்று மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒற்றை வாக்கியத்தை எழுந்து கேட்டு உடனே உட்கார்ந்துவிட வேண்டும். "உங்கள் பதிலின் இணைப்பில் இந்த மாவட்டத்துக்கு வட்டி பூஜ்யம் என்றிருக்கிறது. கெடு தாண்டி 140 நாள் கழித்துப் பணம் வந்த பாஸ்புக் என்னிடம் இருக்கிறது. எது சரி?" அவ்வளவுதான். அதன் பிறகு அவையில் ஏற்படும் அந்தச் சில நொடி அமைதி, ஒரு மணி நேரக் கூச்சலைவிட அமைச்சரை அதிகம் உலுக்கும்.

அமைச்சர் நழுவினால் கதை முடிந்துவிடுமா? இல்லை. பலருக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான்.

"பரிசீலனையில் உள்ளது", "விசாரித்துச் சொல்கிறேன்", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை. அப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அவை உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் காரணம் சொல்லி அவகாசம் வாங்க வேண்டும். இதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மக்களவையில் 1953-லிருந்து, மாநிலங்களவையில் 1972-லிருந்து. அமைச்சர்கள் அதில் உறுப்பினராக முடியாது. துறைச் செயலாளரை அழைத்து உட்கார வைத்து, இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் அமைச்சர் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. விவரம் தெரிந்த எம்.பி. துணைக் கேள்வியின் மூலம் அமைச்சரை இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைத்துவிட்டு, திருப்தியோடு உட்காருவார். டிவியில் பார்ப்பவருக்கு அமைச்சர் சமாளித்துவிட்டார் என்று தோன்றும். கோப்பு அதன் பிறகுதான் திறக்கும்.

பதிலில் தகவல் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கோரலாம். பதில் தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், மக்களவைத் தலைவரின் 115-வது நெறிமுறையின்படி எழுதிக் கொடுக்கலாம். தலைவர் அதை அமைச்சருக்கு அனுப்பி விளக்கம் கேட்பார். தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று நிரூபிக்க முடிந்தால் உரிமை மீறல் வரை போகும். அது எளிதில் நிரூபணமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் பதிவேட்டில் இருப்பதன் பலன் சில சமயம் வேறு எங்கோ தெரியும். 2018 டிசம்பரில், கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களைப் பற்றித் தேர்தல் ஆணையம் கவலை தெரிவித்ததா என்று திரிணமூல் காங்கிரஸின் முகமது நதீமுல் ஹக் மாநிலங்களவையில் கேட்டார். ஆணையத்திடமிருந்து அப்படி எதுவும் வரவில்லை என்று நிதித் துறை இணை அமைச்சர் எழுத்துமூலம் பதில் தந்தார். ஆனால் 2017 மே மாதமே ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதம் வெளியே வந்தபோது, பக்கத்தில் வைத்துப் பார்க்க அமைச்சரின் பதில் தேதியோடு காத்திருந்தது. ஹக் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், கடிதம் வெறும் கடிதமாக இருந்திருக்கும். தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது வேறு வழக்கு, வேறு காரணங்கள். ஆனால் அரசு அவையில் என்ன சொன்னது என்பது அழியாது.

கேள்வி ஓர் அமைச்சரின் பதவியையே வாங்கிய சம்பவம் என்றால் முந்த்ரா விவகாரம்தான் நினைவுக்கு வரும். எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டுகூட ஆகாத 1957-ல், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை அது ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியிருந்தது. மக்களவையில் கேள்வியாகத் தொடங்கியது. பதில் திருப்தி தராததால் அந்த டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி அதை விவாதத்துக்குக் கொண்டுவந்தார். நீதிபதி சக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் பகிரங்கமாக விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இதில் எதிர்க்கட்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஃபெரோஸ் காந்தி ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகனும்கூட. கேள்வி சரியாக இருந்தால் ஆளும் வரிசையும் சேர்ந்து கேட்கத் தொடங்கும். நான் வேலை பார்த்த எம்.பி. துணைக் கேள்விக்கு முன் ஆளும் கட்சி நண்பர்கள் இருவரிடம் பேசி வைப்பார். அவர்கள் தொகுதி விவசாயிக்கும் அதே வட்டி வரவில்லையே!

குறைகளையும் சொல்ல வேண்டும். 20 கேள்விகள் பட்டியலில் இருந்தாலும் வாய்மொழிப் பதிலுக்கு வருவது பெரும்பாலும் நாலைந்துதான். 2019 நவம்பரில் ஒருநாள் 20-ம் முடிந்தபோது, 1972-க்குப் பிறகு இதுதான் முதல்முறை என்று அது செய்தியானது. 2009 நவம்பர் 30 அன்று இதற்கு நேர்மாறு: கேள்வி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அவையிலேயே இல்லாததால் மக்களவையின் கேள்வி நேரம் பாதியில் முடிந்தது. 2005-ல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துமூலப் பதில்கள் மட்டும் வந்தன.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, எதிர்க்கட்சிகளே காலை 11 மணிக்கு அவையின் மையப்பகுதிக்கு இறங்கி முழக்கமிட்டு அந்த மணி நேரத்தைக் கரைப்பது. பெரிய பிரச்சினையை அரசு விவாதிக்க மறுக்கும்போது வேறு வழியில்லை என்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அமளியில் அவை ஒத்திவைக்கப்படும் நாளில், தடித்த கோப்போடு வந்த அமைச்சர் அதைத் திறக்காமலே வீட்டுக்குப் போகிறார். நட்சத்திரக் கேள்விகளுக்கு எழுத்துப் பதில் மட்டும் மேஜைக்கு வந்துவிடும். துணைக் கேள்வி அன்றோடு போயிற்று. அந்த இழப்பு முழுக்க எதிர்க்கட்சியுடையது.

உங்களால் இதில் என்ன செய்ய முடியும் என்றும் யோசித்திருப்பீர்கள்.  தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே விண்ணப்பிக்கலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் இரு அவைகளின் கேள்வி பதில்களும் உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி வாரியாகக் கிடைக்கின்றன. உங்கள் எம்.பி. என்ன கேட்டார் என்று அங்கே தேடிப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் இதே உரிமை பேரவையில் உண்டு. குடிநீர், பேருந்து, அரசு மருத்துவமனை போன்றவற்றை அங்கேதான் கேட்க வைக்க வேண்டும்.

எம்.பி.க்கு மனு எழுதும்போது "ஆவன செய்யவும்" என்று முடிக்காதீர்கள். எந்தத் திட்டம், எந்தத் தேதியில் விண்ணப்பித்தது, எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது, எந்த விதி மீறப்பட்டது என்று ஒரே பக்கத்தில் எழுதி நகல்களை இணையுங்கள். கூட்டத்தொடர் தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு அவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே என்னைப் போல ஒருவர், கட்டுக்கட்டான மனுக்களுக்கு நடுவில், 150 வார்த்தைக்குள் அடங்கக்கூடிய ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்.